உழைக்காத மூன்று மாதத்துச் சம்பளம்

அண்ணனைப் பங்குனி மாதத்தில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனி, துரையோடு வாய்த்தர்க்கம். நிறுத்துவதானால் மூன்று மாதம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த மூன்று மாதச் சம்பளத்தையும் ஒரேயடியாகக் கையில் கொடுத்து, அன்றைக்கே போ என்றுவிட்டார்கள். அவன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தான். "லீவிலை வந்து நிக்கிறான்" என்று ஐயா ஊருக்குச் சொன்னார். சொல்லிச் சொல்லியே லீவு எட்டு மாதமாயிற்று.

கார்த்திகையில் வருமான வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அந்த வரி அப்போது இலங்கைக்குப் புதிது. போன வருஷ வருமானத்துக்கு இந்த வருஷம் கேட்பார்கள். பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு, வேலை செய்யாத மூன்று மாதக் காசையும் கூட்டியிருந்தார்கள். அது சம்பளமல்ல, வேலை போனதற்கான நட்டஈடு என்று அண்ணன் எழுதினான். ஒப்பந்தப்படி வந்த காசு, ஆகவே உத்தியோக வருமானம்தான் என்று பதில் வந்தது.

"உழைக்காத காசுக்கும் வரியோ? உவங்களுக்கு விசரோ?" என்று ஐயா குதித்தார். மறுநாள் அவருடைய மூளை வேலை செய்தது.

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அண்ணனுக்குப் பேசிவந்த மானிப்பாய்ப் பெண்ணின் தகப்பனுக்கு அது தெரியும். தரகர் சொன்ன எதையும் நம்பவில்லை. ஐயா முதலில் வந்த வரிக் கடிதத்தை அவர் முன் விரித்தார். அதில் பதினைந்து மாதக் காசும் ஒரு வருஷச் சம்பளமாக ஒரே தொகையில் இருந்தது. பெண்ணின் தகப்பன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"சீதனத்துக்குக் கூட்டிச் சொல்லுவாங்கள். வரி கட்டுறதுக்கு ஆர் கூட்டிச் சொல்லுவான்?" என்று சிரித்தார். கெட்டிக்காரன். அந்தக் கெட்டித்தனத்தால்தான் மகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டார்.

பெண் வீட்டார் ரொக்கமாகக் கொடுக்கும் இனாம், மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போவது எங்கள் வழக்கம். அந்தத் தங்கை நான். எனக்கு இருபத்தாறு வயது, இரண்டு சம்பந்தம் முறிந்திருந்தது. அதனால் வீட்டில் எல்லாரையும்விட நான்தான் வாயைக் காத்தேன்.

பெண் பார்க்கப் போன அன்று, எனக்குக் கால் கழுவத் தண்ணீர் வார்த்துக்கொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"மச்சாள், அவருக்கு வேலை நிரந்தரமோ? என்னையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவாரோ?"

"ஓம் ஓம், வீடும் பாத்தாச்சு" என்றேன். வீட்டைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. அது நானாகச் சேர்த்த பொய்.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அவளுக்கு உண்மை தெரிந்தது. அவள் அழுததற்கு ஐயா "கொழும்பு ஆசை" என்று பெயர் வைத்தார். வரிக்குத் தவணை கடந்து தண்டமும் ஏறியிருந்தது. அண்ணன் அவளுடைய காப்புகளை அடகு வைத்துக் கட்டினான். இனாம் என் சீதனமாயிற்று.

என் கல்யாணத்தன்று அவள்தான் எனக்குக் கூறை உடுத்திவிட்டாள். கொசுவத்தை மடித்தபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மச்சாள், அண்டைக்கு நீங்கள் தெரிஞ்சுகொண்டோ சொன்னனீங்கள்?"

"ஐயோ, எனக்கும் மறைச்சுப்போட்டினம், மச்சாள்."

அவள் நம்பினாள். எழுந்து என் தோளில் கை வைத்து, "உங்களிலை பிழை இல்லை. நீங்களாவது நல்லாயிருங்கோ" என்றாள்.

எனக்கு வெட்கம் வரவில்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே, இவள் கையை எடுக்கமாட்டாளா என்றுதான் இருந்தது.