எட்டுப் பேர்னு எழுதினேன், பிஎச்டி கிடைச்சுச்சு

இன்னைக்கு ஒரு ஃபார்ம் வந்துச்சு.

நான் படிச்ச டிபார்ட்மென்ட்ல பழைய மாணவர் மலர் போடுறாங்களாம். "உங்க படிப்பு, ஆராய்ச்சி ஆர்வம், ரெண்டே வரியில எழுதுங்க"ன்னு இருக்கு.

ரெண்டு வரியா! என்கிட்டயா? (போன்ல 'ஹலோ' சொல்லவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகும்னு தம்பி சொல்வான்.)

அதான் இங்க நம்ம ப்ளாக்ல எழுத வந்துட்டேன் லா.

அறுபதுகள்ல மேத்ஸ் ஆனர்ஸ் முடிச்சுட்டு, வீடு வீடாப் போய் எத்தனை பேர் இருக்காங்கன்னு கேக்குற சர்வேல சேர்ந்தேன். எனக்குக் குடுத்த ஏரியா ஜாலான் புசார் பக்கம். கீழ கடை, மேல குடித்தனம்னு இருக்கிற கடைவீட்டு மாடி ஒவ்வொண்ணா ஏறி இறங்கணும்.

ஒரு மாடி ரூம். காலையில பத்து மணி. ஹார்பர்ல வேலை செய்ற நம்ம ஆளுங்க. முத்தையா அண்ணன் கதவத் திறந்தாரு. உள்ள எட்டுக் கட்டில், எட்டுப் பேர் நல்ல தூக்கம்... இல்ல, ஏழு பேர், அவரை நான் எழுப்பிட்டேன்!

"எட்டுப் பேர்தானே அண்ணே?"

"ஆமாம்மா."

எழுதிட்டேன். ரிப்போர்ட்டும் பிரிண்ட் ஆயிடுச்சு. அதை வச்சுத்தான் எந்தத் தெருவுக்கு எத்தனை தண்ணிக்குழாய்னு முடிவு பண்ணுவாங்க.

அந்த அண்ணன் தீபாவளிக்குக் கூப்பிட்டிருந்தாரு. நாங்க கிறிஸ்டியன்ஸ், அதனால அம்மா கேக் செஞ்சாங்க. சரியா எட்டுத் துண்டு. (நம்ம சர்வே மேல அவ்வளவு நம்பிக்கை!)

போய்ப் பாத்தா பதினாறு பேர் இலை போட்டு உக்காந்திருக்காங்க.

அம்மா என் காதுல, "ஏன்டி, எட்டுப் பேர்ன்னியே?"

முத்தையா அண்ணன் சிரிச்சாரு. "நீங்க வந்தப்ப எட்டுப் பேர்தானேம்மா இருந்தோம்! மத்தவங்க பகல் வேலை. அவங்க வந்தா நாங்க எந்திரிச்சுக் கெளம்பிருவோம். கட்டிலுக்கு ரெண்டு பேரு."

எனக்கு அவமானமாப் போச்சு. அந்தத் தெருவுல எத்தனை ரூமை இப்படி எழுதியிருப்பேன்!

ரெண்டு மாசத்துல பிஎச்டி இன்டர்வியூ. இருக்கிறது ஒரே ஒரு இடம். எதிர்ல மூணு பேர், நடுவுல உக்காந்திருந்தவர் அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவர்! (எல்லாம் இங்கிலீஷ்லதான், நான் நம்ம மொழியில சொல்றேன்.)

"உங்க ஆராய்ச்சி ஆர்வம்?"

"மாத்தி மாத்தித் தூங்குறவங்களை சர்வே எப்படித் தவற விடுதுங்கிறது சார். நம்ம ரிப்போர்ட்லயே விட்டுருக்கோம்."

அவர் முகம் இறுகிடுச்சு. "அந்தத் தெருவுக்குப் போனது யாரு?"

யாரோ ஒருத்தர்னு மழுப்பியிருக்கலாம். அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்துச்சு.

"நான்தான் சார்."

"உங்க தப்பையே ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா?"

"ஆமா சார். அது எங்க நடந்துச்சுன்னு எனக்குத்தானே தெரியும். நேரம் மாத்தி ரெண்டு தடவை போகணும். எத்தனை தெருவுக்கு அப்படிப் போனாப் போதும்னு கண்டுபிடிக்கணும்."

அவர் பேனாவை மூடி வச்சாரு. நான் முடிஞ்சுதுன்னே நினைச்சேன்.

"என் கையெழுத்தும் அதுல இருக்கு"ன்னாரு. "நாளைக்கே வேலைய ஆரம்பிங்க."

இதை இப்ப டைப் பண்றப்பவும் நெஞ்சு நிமிருதுங்க!

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சர்ச் வாசல்ல அம்மா ஒருத்தர் விடாம நிறுத்திச் சொன்னாங்க:

"எம் பொண்ணு ஆளுங்களத் தப்பா எண்ணினா. அதுக்கு டாக்டர் பட்டம் குடுக்குறாங்களாம்!"

இப்ப நீங்களே சொல்லுங்க, இதை எப்படி ரெண்டு வரியில எழுதுறது?