எங்களுக்குச் சம்பந்தமில்லை

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை நீளும். அண்ணன் அதற்கு நேர்மாறு. நாங்கள் இருவரும் மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பழ வைன் செய்துகொண்டிருந்தோம். பெரல் என்று நாங்கள் சொல்லும் மரப் பீப்பாய்களில் அன்னாசியும் அம்பரெல்லாப் பழமும் புளித்துக் கிடக்கும். லைசன்ஸ் எடுப்பதற்காக அண்ணன் தன் பங்குக் காணியை விற்றிருந்தார். கொட்டகை போனால் அவருக்கு வேறெதுவும் இல்லை.

எங்களைப் போன்ற சின்ன வைன்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போத்தல் அடுக்கும் மரப்பெட்டி பற்றாவிட்டால் ஒருவரிடம் ஒருவர் இரவல் வாங்குவோம். பெட்டியில் அவரவர் பெயர் பெயின்டில் எழுதியிருக்கும். திருப்பிக் கொடுக்க யாரும் அவசரப்படுவதில்லை. கலேவெலக்காரர் ஒருவரின் பெட்டிகள் எங்கள் முற்றத்தில் மாதக்கணக்கில் கிடந்தன. எங்கள் பெட்டிகள் எல்கடுவ ரோட்டில் இன்னொரு வைன்காரரிடம் கிடந்தன.

ஒரு கல்யாண வீட்டில் கலேவெலக்காரரின் வைனைக் குடித்து ஒருவர் செத்துப்போனார். பலர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். மறுநாளே செத்தவரின் ஆட்கள் கலேவெலக்காரரின் கொட்டகையைக் கொளுத்திவிட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை. நாங்கள் கொடுத்திருந்த கடைகளிலிருந்தும் போத்தல்கள் திரும்பி வந்தன. எது யாருடைய வைன் என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் பொறுமையில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பலகையை எடுத்து, செத்தவர் குடித்த வைனுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அண்ணன் தடுத்தார். "வேணாம் தம்பி. யாரும் வந்து கேக்கல. கேக்காததுக்கு நாம ஏன் பதில் சொல்லணும்?"

நான் கேட்கவில்லை. பலகையை வாசல் கேட்டில் வைத்து ஆணி அடித்தேன்.

அதுவரை எங்கள் கேட்டை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது பலகையை வாசிக்க நின்றார்கள். வாசித்தவர்கள் அப்படியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முற்றத்தில் கலேவெலக்காரரின் பெயர் போட்ட பெட்டிகள் வரிசையாக இருந்தன. பலகை எழுதத் தெரிந்த எனக்கு அவற்றை எடுத்து மறைக்கத் தோன்றவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகி, அவை என் கண்ணிலேயே படாமல் போயிருந்தன.

மூன்றாம் நாள் செத்தவரின் ஆட்கள் வேனில் வந்தார்கள். ஒருவன் பலகையைப் பிடுங்கி அதாலேயே என் முகத்தில் அடித்தான். ஆணி கன்னத்தைக் கிழித்தது. கோடரியால் பெரல்களைப் பிளந்தார்கள். கணுக்கால் அளவுக்கு வைன் ஓடியது. கடைசி இரண்டு பெரல்களுக்கு முன்னால் அண்ணன் கைகளை விரித்து நின்றார். ஒருவன் போத்தலை உடைத்து, உடைந்த கழுத்தை அவர் முகத்தில் வீசினான். அண்ணன் கத்தவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு வைனிலேயே உட்கார்ந்தார். அம்பரெல்லா வைன் வெளிர் நிறம். அவருடைய ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று தெளிவாகத் தெரிந்தது.

வலது கண் போய்விட்டதாக டாக்டர் சொன்னார்.

மிஞ்சிய இரண்டு பெரல்களை வைக்க இடம் கேட்டு எல்கடுவ ரோட்டுக்காரரிடம் போனேன். எங்கள் வீட்டில் கை நனைத்த மனிதர், எப்படியும் உதவுவார் என்று நம்பினேன். அவருடைய கேட்டில் புதுப் பலகை தொங்கியது. எங்கள் கம்பனியின் பெயரைப் போட்டு, அதற்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எழுதியிருந்தார். உள்ளே, முற்றத்தில், எங்கள் பெயர் போட்ட பெட்டிகள் இருந்தன.

கேட்டடியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் ஓடி வந்தார்.

"தம்பி, எனக்கும் புள்ளைங்க இருக்காங்க. பயந்துதான் போட்டேன்."

எங்கள் பெட்டியைத்தான் முதலில் அடித்தேன். எங்கள் பெயர் இரண்டாகப் பிளந்தது. தடுக்க வந்த அவருடைய கையில் அடுத்த அடி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பஸ் ஹோல்ட்டில் நின்றவர்கள் ஓடி வந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள்.

"இதுவும் ஆளைக் கொன்ன வைன்தான்" என்றேன்.

பொய் என்று தெரிந்தே சொன்னேன். சொல்லும்போது மனதுக்கு இதமாகக்கூட இருந்தது. அவர்களுக்கு அது போதும். நான் கம்பியைப் போட்டுவிட்டு நடந்தேன். வளைவு தாண்டும்வரை போத்தல் உடையும் சத்தம் பின்னால் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டார். "எல்கடுவ ரோட்டுலயும் ஒடச்சிட்டாங்களாமே. நம்மள அடிச்ச அதே ஆளுங்களா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அண்ணனுடைய கட்டுப் போடாத கண்ணில் தண்ணீர் வந்தது.

"நம்ம பெட்டி அங்க கெடந்துச்சே. அதப் பாத்துத்தான் அடிச்சிருப்பாங்க. பாவம், நம்மளாலதான் அவருக்கு இந்தக் கதி. நீ போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுட்டு வா தம்பி."

சரி என்றேன். இன்னும் போகவில்லை.