திரையில் பச்சையாய்த் தெரிந்த நிலம்

நேமம் தாண்டி நான் கீரை போட்ட நிலம் என் பேரில் இல்லை. பாட்டத்துக்கு எடுத்தது. நாகர்கோவில் பக்கம் குத்தகை என்போம். இங்கே அதற்குக் காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகும் நான் அதை விடவில்லை.

எடுக்கும்போது அது செங்கல்லும் சுண்ணாம்பும் கொட்டிக் கிடந்த இடம். மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும். காலையில் கீரைக்கட்டைச் சாலைச் சந்தைக்குக் கொண்டுபோவேன். விற்று முடிந்ததும் கடைகளில் ஒதுக்கிப் போட்ட அழுகல் தக்காளி, கோஸ் இலை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறுவேன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொள்வான்.

"அம்மச்சி, போகும்போது கீரை, வரும்போது சவமா?"

"சவத்துக்கும் சேர்த்து டிக்கெட் கிழி" என்பேன்.

ஒருத்தரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். எனக்கு அது சௌகரியம்தான். இப்படியே எத்தனையோ வருஷம். மண் கறுத்தது, புழு வந்தது, கால் வைத்தால் அமுங்கியது.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. இங்கத்திய காலேஜும் வெளிநாட்டுக் காலேஜும் சேர்ந்து செய்கிறதாம். ஆள் இல்லாமல் தானே உருளும், நின்று நின்று ஊசியை மண்ணில் இறக்கும். எங்கே சத்து இருக்கிறது, எங்கே இல்லை என்று திரையில் கலர் கலராகக் காட்டுமாம். எல்லாம் விவசாயிகளுக்காக என்றாள் கூட வந்த காலேஜ் பெண். அவளோடு ஒரு வெள்ளைக்காரச் சாயிப்பு. அக்கம்பக்கத்தார் தயங்கியபோது நான்தான் முதலில் வா என்றேன். சக்கரத்தில் இரண்டு பாத்தி நசுங்கியது. போகட்டும் என்று விட்டேன். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சம்மதித்தார்கள்.

படம் காட்டுகிற நாளில் நிலத்துக்காரரையும் வரச் சொன்னேன். ஒவ்வொரு அறுப்பிலும் முதல் கட்டு அவர் வீட்டுக்குத்தான் போகும். அதுபோல இதையும் அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு. என் கைவேலையைப் பார்க்கட்டுமே என்றும் இருந்தது.

திரையில் பக்கத்து நிலமெல்லாம் மஞ்சளும் சிவப்பும். நடுவில் என்னுடையது மட்டும் பச்சை. சாயிப்பு கைதட்டினார். நிலத்துக்காரர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்முடைய மண் கொள்ளாமல்லோ, நல்ல மண்ணு" என்றார்.

"நான் உண்டாக்கின மண்ணு சாரே."

"மண்ணை யாராவது உண்டாக்குவார்களா அக்கா? அது அங்கேயே கிடப்பதல்லவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும்தான்.

ஓணம் கழிந்ததும் நிலத்துக்காரர் வந்தார். மகன் கல்ஃபிலிருந்து வருகிறானாம், இந்த நிலத்தில் ஆர்கானிக் காய்கறி போடப் போகிறானாம். "அக்கா எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே கூலிக்கு நிற்கலாம், கேட்டோ."

மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நான் வெட்டின பாத்தியில் இன்னொருத்தன் ஏவ நான் வெட்டுவதா?

சேதி கேட்டுக் காலேஜ் பெண் வந்தாள். "நாங்க என்ன செய்ய முடியும் அம்மச்சி? நாங்க மண்ணை மட்டும்தானே பார்க்கிறோம்" என்றாள். பொய் சொல்லவில்லை அவள்.

இப்போது பாப்பனங்கோடு பக்கம் இன்னொரு பாட்ட நிலம். மறுபடியும் கல், மறுபடியும் சாக்கு. கண்டக்டர்தான் வேறு. போன மாதம் அந்தப் பெண் இங்கேயும் தேடி வந்தாள்.

"வண்டியை ஒரு தடவை விடட்டுமா அம்மச்சி?"

"வேண்டாம்."

"பச்சையாகிவிட்டதா என்று பார்க்கலாமே."

"பச்சையானால் எனக்குத் தெரிந்தால் போதும்" என்றேன். பால் விடாத கட்டன் காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

கீரை நன்றாகவே வருகிறது. முதல் கட்டு இந்த நிலத்துக்காரர் வீட்டுக்கும் போகிறது. பூச்சி அரித்த இலையாகப் பொறுக்கித்தான் கட்டுகிறேன். அந்த வீட்டம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் வருமா, பாவம்" என்கிறாள். சாலைச் சந்தையில் என் கீரைக்கென்று காத்து நிற்கிறவர்கள் உண்டு. அதைச் சொல்ல நாக்கு துடிக்கும். ஆமாம்மா, இவ்வளவுதான் என்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.