கொக்கும் எதிர்க் கட்டடத்து ஜன்னலும்

அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தவர் கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர். நீளக் கழுத்து, நீளக் கால், உயரத்தில் தனியாக உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு. வேறு என்ன பெயர் வைக்கச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்பார். நகரத்தின் மையத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடத்தில் டவர் கிரேன் ஓட்டுவது கொக்கின் வேலை. காலையில் இரும்பு ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் தரையை மிதிப்பான். சாப்பாட்டு டப்பாவும் அவனோடு ஏறும். தண்ணீர் மட்டும் பார்த்துப் பார்த்துத்தான் குடிப்பான். ஏன் என்று அக்கா கேட்டபோது, மேலே போனால் தாகமே எடுப்பதில்லை என்று சொல்லி வைத்திருந்தான்.

அதற்கு முன் அவன் லாரி ஓட்டினான். எந்தத் தெருவில் திரும்பினாலும் பின்னால் ஒருவன் ஹாரன் அடிப்பான், முன்னால் ஒருவன் கையைக் காட்டாமல் குறுக்கே வருவான். ஒருநாள் நெரிசலில் மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோது, ஒரு கிரேனின் நீண்ட கை யாரையும் கேட்காமல் ஆகாயத்தில் சாவகாசமாகத் திரும்புவதைக் கண்டான். அதற்குப் பின்னால் ஹாரன் அடிக்க ஒரு ஈ காக்கை இல்லை. லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தான். சின்ன கிரேன், பெரிய கிரேன் என்று ஓட்டிப் பழகி, கடைசியில் இந்தக் கூண்டுக்கு வந்து சேர்ந்தான்.

வந்ததில் அவனுக்குக் குறையில்லை, அக்காவுக்குத்தான் குறை. தம்பிக்குப் பெண் தேடி அவள் அலையாத இடமில்லை. என் தம்பி ரொம்ப உயர்ந்த இடத்தில் இருக்கிறான் என்று ஆரம்பிப்பாள். கேட்பவர்கள் குளிர்சாதன அறையையும் சுழல் நாற்காலியையும் மனதில் நினைத்துக்கொண்டு வருவார்கள். வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அக்கா வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போய், அண்ணாந்து விரலை நீட்டுவார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சு மூச்சு இருக்காது. ஒரு பெண்ணின் அப்பா மட்டும், இந்த வேலையில் இதற்கு மேலே போக வழி உண்டா என்று நிதானமாகக் கேட்டார். இதற்கு மேலே மேகம்தான் என்று கொக்கு உள்ளதைச் சொன்னான். அந்தச் சம்பந்தமும் அத்தோடு போயிற்று.

அந்த வட்டாரம் முழுக்க அப்போது தோண்டிப் போட்டுக் கிடந்தது. நேற்று இருந்த செருப்புக்கடை இன்று பள்ளமாக இருக்கும். வங்கிக்குப் போகிறவர்கள் பலகைமேல் கைகளை விரித்து நடந்து போவார்கள். வேலி நெடுகிலும் கட்டடம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று பெரிய பெரிய படங்கள். அதில் வெயிலே சுடாத மாதிரி மனிதர்கள் உலாவுவார்கள். யார் கையிலும் ஒரு பை கிடையாது. நட்ட மறுநாளே வளர்ந்துவிட்ட மரங்கள் நிற்கும். கட்டடத்தின் உச்சியில் மட்டும் வரிசை வரிசையாகச் சாய்ந்த தகடுகள், வெயிலை மறைக்க. அந்தத் தகடுகளை என்றைக்காவது தான்தான் தூக்கப்போகிறோம் என்பதைத் தவிர கொக்குக்கு அந்தப் படத்தில் அக்கறை இல்லை.

தெருவின் மறுபக்கம் ஒரு பழைய அலுவலகக் கட்டடம். தெரு குறுகல், கிரேனின் கை அந்தப் பக்கம் திரும்பினால் அந்த வாசலுக்கு நேர் மேலே போய் நிற்கும். கொக்கின் கூண்டுக்கு ஒரு மாடி கீழே, மூலையில் ஓர் அகலமான ஜன்னல். அதற்குப் பின்னால் நீண்ட மேஜை, அட்டை, பசை, கத்தி. இந்தப் பெரிய கட்டடத்தையே வடிவமைத்த நிறுவனத்தின் அலுவலகம் அது. மேஜைமுன் உட்கார்ந்து மாதிரிக் கட்டடங்கள் செய்துகொண்டிருந்த பெண்ணை அவன் மேலிருந்தே பார்த்ததால் முகம் சரியாகத் தெரியாது. நேர் வகிடு தெரியும். உச்சியில் தூக்கி விட்ட கண்ணாடி தெரியும். அந்தக் கண்ணாடியை அவள் மேஜை முழுக்கத் தேடுவதும் தெரியும்.

ஒருநாள் அந்த ஜன்னல் விளிம்பில் ஒரு பொருள் முளைத்திருந்தது. முழங்கை உயரத்தில், மஞ்சள் வர்ணம் அடித்த கம்பியில் வளைத்துச் செய்த ஒரு கிரேன். அட, நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டு கொக்கு வேலையைப் பார்த்தான். கம்பிக்கட்டை இறக்கிவிட்டுத் தற்செயலாகத் திரும்பியபோது கவனித்தான். சின்ன கிரேனும் இவன் கிரேன் பார்த்த திசையையே பார்த்தது. சிமெண்ட் வாளியைத் தூக்க எதிர்ப்பக்கம் போனான். திரும்பி வந்து பார்த்தால் அதுவும் எதிர்ப்பக்கம் போயிருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டுமே. கொக்கியில் ஒன்றும் தொங்காத நேரமாகப் பார்த்து, கையை மெல்ல வடக்கே திருப்பினான். ஜன்னலில் ஒரு விரல் நீண்டு சின்னக் கையை வடக்கே தள்ளியது. தெற்கே திருப்பினான். விரலும் தெற்கே தள்ளியது. அதற்குள் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கொக்கு, எங்க போற? இங்க பலகைக்கட்டு காத்துக்கிட்டு கிடக்கு."

"சும்மா சுத்திப் பார்த்தேன் அண்ணே. எண்ணெய் பத்தலையோன்னு ஒரு சந்தேகம்."

அந்த மாதம் முழுக்க அந்தக் கிரேனுக்கு எண்ணெய் பற்றவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று என்று வழக்கமாகிவிட்டது. சில நாள் சின்ன கிரேன் முதலில் திரும்பும், பெரியது பின்னால் போகும். அக்கா கொண்டுவந்த அடுத்த இடத்தை அவன் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றான். யாரையாவது மனதில் வைத்திருக்கிறாயா என்று அவள் குடைந்தபோது, வகிட்டை மட்டும் பார்த்து ஒருத்தியை மனதில் வைக்க முடியுமா என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் காற்று பலமாக அடித்த ஒரு நாள் அந்தச் சிரிப்பு மாறிப்போயிற்று. காற்றடித்தால் வேலையை நிறுத்தி, கிரேனின் கையைப் பூட்டாமல் காற்றோடு போகட்டும் என்று விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். அப்படியே செய்துவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை ஏறிப் பார்த்தால், காற்று அவனுடைய கிரேனை இதுவரை பார்க்காத ஒரு கோணல் திசையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. ஜன்னல் விளிம்பிலும் அதே கோணல். கூண்டில் ஆள் இல்லாதபோதும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொக்கு அன்று காலை டீயைக் குடிக்காமலே ஆறவைத்தான்.

கட்டடம் வளர்ந்தால் கிரேனும் வளர வேண்டும். வரும் வாரம் கோபுரத்தில் புதுத் துண்டுகளைச் செருகி உயர்த்தப் போகிறோம் என்று பொறியாளர் சொன்னபோது மற்றவர்கள் தலையாட்டினார்கள். கொக்கு மட்டும் தலையாட்டவில்லை. உயர்ந்துவிட்டால் அந்த ஜன்னல் கண்ணுக்குத் தப்பிவிடும். இருக்கிற மாடி போதாதா, எதற்கு அத்தனை மாடி என்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கட்டடக் கலையைப் பற்றி அவன் கருத்துச் சொன்னான். பொறியாளர் அவனுக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் சாயங்காலம் இறங்கி, எதிர்க் கட்டடத்தின் வாசலில் போய் நின்றான். வேலை முடிந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது, தெரிந்ததெல்லாம் உச்சந்தலை. நல்லவேளை உயரம் இருந்தது. வருகிற பெண்களின் வகிட்டை எட்டி எட்டிப் பார்த்தான். அந்தக் கட்டடத்துக் காவலாளி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று வந்தார். ஒருத்தரைத் தேடுகிறேன், தலையைப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும் என்றான். காவலாளி அவனுடைய தலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெருவைக் காட்டினார். மறுநாளும் போனான். காவலாளி அவனைக் கண்டதுமே தெருவைக் காட்டினார்.

கிரேன் உயர்ந்தது. இப்போது கீழே பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டிகளும் யாரோ காயப்போட்டு மறந்த ஒரு தரைத்துடைப்பானும்தான் தெரிந்தன. கொக்கு வேலையை ஒழுங்காகச் செய்தான். வெறுங்கையைத் திருப்புவதே இல்லை. எண்ணெய் சரியாகிவிட்டதா என்று சிக்னல்காரர் விசாரித்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். உச்சியில் வரும் வெயில் தகடுகளை எந்தச் சாய்வில் வைப்பது என்று வடிவமைப்பு நிறுவனத்துக்குள் சண்டையாம். படத்தில் பார்த்தால் ஒரு மாதிரி, மாதிரிக் கட்டடத்தில் பார்த்தால் ஒரு மாதிரி. கடைசியில் ஒரு தகட்டை நிஜ அளவில் செய்து, சட்டத்தோடு கிரேனில் தொங்கவிட்டு, தரையிலிருந்து பார்த்துத் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று. நிறுவனத்திலிருந்து நாலைந்து பேர் தளத்து வாசல் பக்கம் வந்து நின்றார்கள். எல்லோர் தலையிலும் வெள்ளை ஹெல்மெட். மேலிருந்து பார்க்கக் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் மாதிரி இருந்தது. அடையாளம் காணக் கொடுத்து வைத்திருந்த ஒரே இடத்தையும் மூடிவிட்டார்கள் என்று கொக்கு பெருமூச்சு விட்டான்.

வழக்கமாகச் சொல்வது சிக்னல்காரர்தான். அன்று அவர்கள் சொல்வதை வாங்கிச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று வாக்கி-டாக்கியை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். இடது பக்கம் கொஞ்சம் என்றது ஒரு புதுக் குரல். திருப்பினான். கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வலது பக்கம் கொஞ்சம் என்றது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டான். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் என்று பதில் வந்தது. மேலே, கீழே, மறுபடி இடது, மறுபடி வலது. வெயில் ஏறி, கூண்டு அடுப்பாகி, கொக்கு பொறுமை இழந்தான்.

"ஏங்க, இது ஜன்னல் திரை இல்ல. ஒரு டன் கனம். சும்மா இழுத்து இழுத்துப் பார்க்க முடியாது."

கீழிருந்து அந்தக் குரல் திருப்பிக் கேட்டது.

"ஒண்ணுமே தொங்காதப்ப வெறுங்கையை எத்தனை தடவை இப்படியும் அப்படியும் திருப்பினீங்க. அப்ப கை வலிக்கலையா?"

கொக்குக்கு நெம்புகோலைப் பிடித்த கை அப்படியே நின்றது. கீழே வெள்ளைக் கிண்ணங்களில் ஒன்று மட்டும் அண்ணாந்து மேலே பார்த்தது.

"அந்தக் கம்பிக் கிரேன்... உங்களோடதா?"

"ஆமா. நீங்க உயரத்துக்குப் போனதிலேர்ந்து அது சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது."

தளத்தில் எல்லோருடைய வாக்கி-டாக்கியும் ஒரே அலைவரிசை என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். காங்கிரீட் போடுகிறவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். தளத்து வாசல் காவலர் கதவைத் திறந்தபடியே நின்றார், ஒரு லாரி உள்ளே வராமல் காத்திருந்தது. கடைசியில் சிக்னல்காரர்தான் யாரிடமோ ஒரு வாக்கி-டாக்கியை வாங்கி, தகடு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை முதலில் இறக்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் அதற்குள் ஒரு சாய்வைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது காலையில் முதன்முதலாகக் காட்டிய அதே சாய்வு.

கொக்கு ஏணியில் இறங்கிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. கீழே வந்து அவள்முன் நின்றதும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஹெல்மெட்டைக் கொஞ்சம் கழற்றுங்கள் என்றான். பாதுகாப்பு அதிகாரி பாய்ந்து வந்து, தளத்துக்குள் யாரும் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, அது யாராக இருந்தாலும் சரி என்றார். இருவரும் வேலிக்கு வெளியே நடைபாதைக்குப் போய்க் கழற்றினார்கள். நேர் வகிடு. உச்சியில் கண்ணாடி இல்லை. மூக்கின் மேல், அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவனைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று போட்டு வந்ததாகப் பின்னால் சொன்னாள்.

பேசப் பேச எல்லாம் வந்தது. அந்தக் கிரேனை முதலில் மாதிரிக் கட்டடத்தின் மேலேயே வைத்தாளாம். முடிந்த கட்டடத்தில் கிரேன் நின்றால் வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள் என்று தலைமை வடிவமைப்பாளர் எடுக்கச் சொல்ல, தூக்கிப்போட மனமில்லாமல் ஜன்னலில் வைத்திருக்கிறாள். வாசலில் காத்திருந்ததை அவன் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் முன்வாசல் வழியாகப் போனதே இல்லை, பின்வாசல்தான்.

"உங்க கிரேன் தலைக்கு மேல நிக்குது. கீழ நடக்க பயமா இருக்காதா?"

"ஓட்டுற ஆள் மேல நம்பிக்கை இல்லையா?"

"அப்ப ஆளைத் தெரியாதே. இப்ப வேணா முன்வாசல்ல வரேன்."

அன்று சாயங்காலம் அவள் சொன்னபடியே வந்தாள். காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் தெருவைக் காட்டவில்லை.

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் கோபம். தான் நகரம் முழுக்க அலைந்திருக்க, இவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே முடித்துவிட்டானே என்று. வந்த பெண் ஒரு மணி நேரத்தில் அவளுடைய சமையலறை அலமாரிக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து காட்டியதும் கோபம் போன இடம் தெரியவில்லை. என் தம்பி உயர்ந்த இடத்தில் இருக்கிறான் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். கேட்பவர்களில் ஒருத்தி அண்ணாந்து பார்க்காமலே ஒத்துக்கொள்கிறாள் என்பதுதான் வித்தியாசம்.

கட்டடம் முடிந்தது. கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி இறக்கினார்கள். திறப்பு நாளுக்கு நிறுவனம் அவளை அழைத்தது. கூடவே கணவனாகக் கொக்கும் போனான், தேய்த்த சட்டையில். உச்சி மாடிக்குப் போகலாம் என்று மின்தூக்கியில் ஏறினார்கள். நாலு பக்கமும் சுவர், கதவு மூடியது, எங்கே போகிறது என்று ஒன்றும் தெரியவில்லை, ஓட்டுவது யார் என்றும் தெரியவில்லை. ஆகாயத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு நெற்றி வியர்த்தது. அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அடுத்த மாடியில் கதவு திறந்ததும் இறங்கி, மிச்ச மாடிகளைப் படியில் ஏறலாம் என்றான். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னும் எத்தனை மாடி இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே கூட ஏறினாள்.