இரண்டு பேருக்கு ஒரு குழம்பு

அண்டா அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

பெயரைக் கேட்டுவிட்டு ஆள் குண்டாக இருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். அண்டாவுக்குள் விழுந்தால் கரண்டி போட்டுத் தேடவேண்டிய ஒல்லி. தொழிற்சாலைக் கேன்டீனின் தலைமைச் சமையல்காரி. மூன்று ஷிஃப்டுக்கும் பொங்கிப் போடும் அந்தக் கைக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் அது. அப்பா இறந்த வருஷம் அங்கே பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவள், காய் நறுக்கி, சோறு வடித்து, படிப்படியாக மேலே வந்தாள். தம்பியைப் படிக்கவைத்தாள், கல்யாணமும் செய்துவைத்தாள். தன் கல்யாணத்தை மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் காதோரம் நரைத்துவிட்டது.

சமைக்கும்போது அவள் நாக்கில் வைத்து ருசி பார்ப்பதில்லை. மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவியை ஒரு இழு இழுப்பாள். "உப்பு போதும், காரம் வரல" என்பாள். தப்பவே தப்பாது. ஆனால் வீட்டுக்கு வந்தால் தம்பி மனைவி போடுவதைச் சாப்பிடுவாள். சின்ன அடுப்பில் கை வைத்ததே இல்லை.

அவளை 'மாஸ்டர்' என்று மரியாதையாக அழைப்பவர் ஒரே ஒருவர், லிப்ட் மெக்கானிக். ஒருமுறை சாப்பாட்டுக் கூடத்துக்குக் குழம்பை ஏற்றிச்சென்ற சரக்கு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட, கம்பியைப் பிடித்து உள்ளே இறங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அண்டாவை மீட்டுக் கொடுத்தவர். அன்று முதல் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு தட்டோடு வருவார். கல்யாணம் ஆகாத மனிதர், வளவளவென்று பேசமாட்டார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். நடுவில் எத்தனையோ வருஷக் குழம்பு ஓடிவிட்டது, சொல்ல வேண்டியதை இருவருமே சொல்லவில்லை.

போன வாரம் தட்டை நீட்டியபடியே அவர் சொன்னார்: "ஆண்டுக்கடைசி லீவுக்கு அப்புறம் நான் வரமாட்டேன் மாஸ்டர்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏன்?"

"பெரியப்பா பையன் வேற ஊர்ல லிப்ட் கம்பெனி வச்சிருக்கார். கூட வந்துடுங்கறார். லீவு அன்னிக்கு சாயங்காலம் ரயில். இங்க இருன்னு சொல்ல எனக்கு யார் இருக்கா?"

நான் இருக்கிறேனே! இந்த வார்த்தை நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்தது. அங்கே சரக்கு லிப்ட் மாதிரி நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, "லீவு அன்னிக்கு மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்ற வார்த்தை வெளியே வந்தது.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "வரேன் மாஸ்டர்."

வீட்டில் விஷயம் தெரிந்ததும் தம்பி மனைவி குதியாய்க் குதித்தாள். "அண்ணி, நானும் இவரும் கீழ் வீட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிடறோம். நீங்க ரெண்டு பேர் மட்டும். சாப்பாடு போட்டு, ரயில் ஏறாதீங்கன்னு சொல்லிடணும். சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்டி."

"அக்கா, ஒரு சந்தேகம்" என்றான் தம்பி. "வழியில பார்த்தா மாமான்னு கூப்பிடலாமா, இல்ல சாப்பாடு முடியற வரைக்கும் சார்தானா?"

"வாயை மூடுடா, தடியா!" என்றாள். ஆனால் சிரிப்பு உதட்டை மீறி வழிந்தது.

இப்படியாக விடுமுறை நாள் காலையில், குளித்து, பச்சைச் சேலை கட்டி, தம்பி மனைவியின் சின்னஞ்சிறு வாணலிக்கு முன்னால் நின்றாள் அக்கா. உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டுக் கெட்டியாக ஒரு குழம்பு, கோழி வறுவல், பாலில் பழம் போட்ட இனிப்பு. அவ்வளவுதான். இரண்டு பேருக்கு!

வறுவலை எப்படியோ கரையேற்றிவிட்டாள். இனிப்பும் தப்பித்தது. குழம்பு கொதித்ததும் பழக்க தோஷத்தில் கை தானாக உப்பு ஜாடிக்குள் போனது, அள்ளியது, வீசியது. அண்டாவில் விழவேண்டிய உப்பு வாணலியில் விழுந்துவிட்டது.

ஆவியை முகர்ந்தாள். தும்மல் வந்தது.

பரவாயில்லை, உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்கும். போட்டாள். குழம்பு களியானது. தண்ணீர் விட்டாள். நீர்த்துப்போனது. பருப்பு வேகவைத்துக் கரைத்து ஊற்றினாள். வாணலி விளிம்பைத் தொட்டது. குக்கருக்கு மாற்றினாள். இப்போது காரம் காணவில்லை. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தாள். அந்தக் கை இருக்கிறதே, அதற்கு அளவு என்றால் ஒரே அளவுதான்! காரம் கண்ணைக் கரித்தது. தக்காளி போட்டாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள், இருந்த காயெல்லாம் நறுக்கிப் போட்டாள். குக்கர் நிறைந்து பெரிய குண்டான், குண்டான் நிறைந்து தையல்காரம்மாவிடம் வாங்கிய இன்னொரு குண்டான், அதுவும் நிறைந்து புதிதாக வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் வாளி! மூன்றிலும் மாற்றி மாற்றி ஊற்றிக் கலந்துகொண்டே இருந்தாள்.

கடைசியாக ஒருமுறை குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். கண் கலங்கியது. இது காரத்தால் வந்த கண்ணீர் அல்ல. கேன்டீன் குழம்பு! அச்சு அசல் அதே மணம்! தன் அளவுக்கு வளர்ந்தபிறகுதான் அந்தக் குழம்பு அவள் சொன்னபடி கேட்டது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று வாளியைச் சுற்றி ஒரு குதி குதித்தாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தம்பி மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அடுப்பில் குண்டான், மேஜையில் குண்டான், நாற்காலியில் வாளி.

"அண்ணி! வர்றது மெக்கானிக்கா, மெக்கானிக் சங்கமா?"

"கை நிக்கலடி."

"அவர் எங்க உட்காருவார்? வாளி மேலயா? முதல்ல இதைக் காலி பண்ணணும்." மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்துக் கத்தினாள். "குழம்பு வேணுங்கறவங்க எல்லாம் வாங்க! சீக்கிரம் வாங்கிட்டுச் சீக்கிரம் போயிடணும்!"

முதல் பாதி மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. லீவு நாள், அந்த மணம் வேறு! கட்டடமே சோற்றுத் தட்டோடு படியேறியது. வாங்கியவர்கள் போகவில்லை. படிக்கட்டிலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். தையல்காரம்மா தன் வீட்டு அப்பளக் கட்டைப் பொரித்துக்கொண்டு வந்தார். மேல்மாடி ஓய்வுபெற்ற தபால்காரர், "அண்டா அம்மா, இத்தனை நாள் இந்தக் கையை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" என்று தட்டைத் தட்டினார். தம்பி சோற்றுக் கூடையோடு படிப்படியாய் ஓடினான். சிரிப்பும் இரைச்சலுமாக நாலு மாடியும் கலகலத்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கரண்டி பிடித்தால் அவள் வேறு ஆள். முகத்தை யார் பார்த்தார்கள்? தட்டு வரும், குழம்பு விழும். "அடுத்து! அடுத்து!"

தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக, பழப் பையோடு ஒருவர் படியேறி வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். யாரோ அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தார்கள். வரிசை அவரை முன்னால் தள்ளியது.

குழம்பு விழுந்தது. "அடுத்து!" என்றாள் அக்கா, நிமிராமலே.

ஐயோ! பாவி மகளே, யாருக்கு ஊற்றினாய் என்று பார்க்கக்கூடாதா?

அவர் ஓரத்துப் படியில் உட்கார்ந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். பழப் பையைத் தம்பி மனைவியிடம் கொடுத்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. நான்தான் ஏதோ தப்பா நினைச்சுக்கிட்டேன். ஊரையே கூப்பிட்டதுல என்னையும் ஒருத்தனா கூப்பிட்டிருக்காங்க. ரயிலுக்கு நேரமாச்சு."

தம்பி மனைவி பேச வாயெடுப்பதற்குள் அவர் இறங்க ஆரம்பித்துவிட்டார். அவள் உள்ளே பாய்ந்து அக்காவின் தோளை உலுக்கினாள். "அண்ணி! அவர் வந்தாரு, சாப்பிட்டாரு, போறாரு! ஊரோட ஒருத்தரா கூப்பிட்டீங்கன்னு நினைச்சுட்டுப் போறாரு!"

கரண்டி வாளிக்குள் விழுந்தது. அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு படிக்கு ஓடினாள். கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கீழே, கடைசித் திருப்பத்தில், படிய வாரிய அந்தத் தலை.

"மெக்கானிக்!"

நாலு மாடியும் வாயை நிறுத்தியது. தலை நிமிர்ந்தது.

"இது ஊருக்கு வச்சதில்லைங்க!" அவள் குரல் உடைந்தது. "நம்ம ரெண்டு பேருக்குன்னு வச்சேன்!"

அவர் மேலே பார்த்தார். படி தவறாமல் உட்கார்ந்து சாப்பிடும் ஜனத்தைப் பார்த்தார். "எது? இத்தனையுமா?"

"உப்பு கூடிப்போச்சு... அதைச் சரிபண்ணப் போய்... கை நிக்கலைங்க!"

முதலில் தபால்காரருக்குப் புரை ஏறியது. அடுத்து தையல்காரம்மா, அடுத்து தம்பி. சிரிப்பு மாடி மாடியாக இறங்கியது. அது மெக்கானிக்கைத் தொட்டபோது, வாய்விட்டுச் சிரித்தே பார்த்திராத அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"ரெண்டு பேருக்கு இவ்வளவுன்னா, மாஸ்டர், இதை எப்ப சாப்பிட்டு முடிக்கிறது?"

"அதான் சொல்றேன்." கண்ணைத் துடைத்தாள். தொண்டையில் நின்றிருந்தது இப்போது தடதடவென்று இறங்கியது. "இருந்து சாப்பிடுங்க. என்கூட இருந்து சாப்பிடுங்க. போகாதீங்க!"

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அண்ணே, நான்தான். நான் வரல... இல்லண்ணே, ரயிலெல்லாம் இருக்கு... சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தார். "எப்ப முடியுமா? தெரியலண்ணே. வாளி நிறைய இருக்கு."