தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன்னே

கணவர் போன பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அதற்குள் எதிர்ப்புச் சக்தி தரைதட்டிவிட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரையைத் தொடங்கிவைத்து, "ஒரு நாளும் விடாதீங்க. கொப்புளம், காய்ச்சல் எது வந்தாலும் உடனே வந்திருங்க" என்று அனுப்பினார். எங்கள் மலையூரான கிளாவரையில் விஷயம் தெரிந்தவர்கள் மாமியாரும் நாத்தனாரும்தான். ஊருக்கு நான் 'ரத்தம் கம்மியான' பொம்பளை.

கொப்புளம் முதுகின் ஒரு பக்கம் பட்டையாகக் கிளம்பி, உடம்பெல்லாம் பரவி, வலது கண்ணோரம் வரை ஏறியது. மாமியார் பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எறங்கியிருக்கா."

அதோடு என் மருந்து நின்றது. அம்மை கண்ட வீட்டில் மாத்திரை ஆகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டவும் கூடாது. டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டார். எங்கள் குளிருக்கு வேம்பு வளராது என்று வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்தார். அதுவரை என்மேல் விரல்படாமல் சோற்றுத் தட்டை நகர்த்தியவர், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். "என்ன வேணும் தாயே?" என்று வேறு கேட்டார். எச்.ஐ.வி. வந்தால் தீட்டு, அம்மை வந்தால் தெய்வம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. நாத்தனார் காதோரம் குனிந்தாள். "மதினி, அருள் வந்த மாதிரி ஆடி ஆஸ்பத்திரி போகணும்னு கேளுங்க. எங்கம்மா மறுக்காது. ஜீப்பு தன்னால வரும்."

நல்ல யோசனைதான். எனக்கு ஆட்டமும் வரும். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஆத்தா கேட்டு மருந்து கிடைத்தால், அவள் இறங்கிப் போன பிறகு அடுத்த வேளை மாத்திரையை யார் கேட்பது?

கும்பிட வந்த தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜீப்பில் பூண்டு ஏற்றிக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்து எழுந்து வந்தேன்.

"ஆத்தா பேசல, நான்தான் பேசுறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அது எதிர்ப்புச் சக்தியத் தின்னுட்டதாலதான் இந்தக் கொப்புளம் இப்படி மேயுது. ஆஸ்பத்திரி போகலைன்னா கண்ணு போயிரும். உசுரும் போயிரும்."

மாமியார் குறுக்கே வந்து நின்றார். "தலைக்குத் தண்ணி ஊத்தாம தாண்டுனா ஆத்தா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும் அத்தை. உசுரோட வந்து சமாதானம் பண்ணிக்கிறேன். வேப்பிலை வத்தலக்குண்டுல இருந்து மலையேறி வரலாம், நான் கொடைக்கானல் போகக் கூடாதா?"

வாசலைத் தாண்டினேன். பெண்கள் விலகினார்கள். அம்மைக்கு விலகினார்களா, எச்.ஐ.வி.க்கு விலகினார்களா தெரியாது, வழி கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினார். "ஏறுங்க மதினி, வெரசா." ஜீப் நகரும்போது மாமியார் ஓடிவந்து, அழுதுகொண்டே என்னைத் திட்டியபடி மாத்திரை டப்பாவை மடியில் போட்டார்.

சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸ் உடம்புக்குள்ளேயே பதுங்கியிருந்து, எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் எழுந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஊசி மருந்து ஏற்றினார்கள். கண் தப்பியது.

புருவத்தில் தழும்பு நின்றுவிட்டது. "ஆத்தா போட்ட முத்து" என்று யாராவது கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனால், கையைப் பிடித்து நிறுத்துகிறேன். இரண்டு வைரஸின் பெயரையும் சொன்ன பிறகுதான் விடுகிறேன்.