தீக்காய வார்டில் ஆங்கில வினைச்சொற்கள்

தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து, அந்த அம்மாவை எங்கள் வார்டுக்குக் காலையில் கொண்டுவந்தார்கள். மதியம் அவருடைய மகள் பள்ளிச் சீருடையிலேயே வந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு. தகப்பன் இல்லாத பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் இறக்கிவிட்டு, அவளுடைய சித்தியை அழைத்துவரப் போயிருந்தார்.

அம்மாவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துக்குக் கீழேதான் எல்லாம். தெளிவாகப் பேசினார், எரிச்சல் அவ்வளவாக இல்லை என்றார். ஆழமாக வெந்த இடத்தில் வலி தெரியாது. முதல் நாள் இப்படித்தான் பேசுவார்கள். நர்ஸ் வேலையில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, டாக்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா பேசியதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சைல்ல? இங்கன உக்காந்து படி தாயி. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "சிஸ்டர், நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றார்.

அவருக்கென்று என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். மகளுக்கு முகக்கவசம் கொடுத்துக் கதவோரம் ஸ்டூல் போட்டேன். வினைச்சொற்களைப் பிரிக்க வேண்டும்: எது செயல், எது நிலை, யாரை, எதை என்று கேட்டால் எதற்குப் பதில் வரும், எதற்கு வராது. பதில் வந்தால் டிரான்சிடிவ். எனக்கே பாதி மறந்திருந்தது. குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே சொன்னேன். ‘கேரி’ என்றால் எதைச் சுமக்கிறாய் என்று கேட்கலாம். ‘ஸ்லீப்’புக்கு அப்படிக் கேட்க முடியாது.

"‘நோ’ன்னா தெரியும்னு அர்த்தம். அது ஆக்‌ஷனா சிஸ்டர்?"

"இல்லம்மா, ஸ்டேட்டிவ். தெரிஞ்சிருக்கிறது ஒரு நிலைதான். அதுல நாம எதுவும் செய்யல."

"எதைத் தெரியும்னு கேக்கலாம்ல? அப்ப டிரான்சிடிவ்."

"கேக்கலாம்" என்றேன். எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"எம்புட்டு வெவரம் பாத்தீகளா!" என்று கட்டிலிலிருந்து அம்மா சிரித்தார்.

சித்தி வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. "பிள்ள பரீட்சை எழுதிட்டு ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றார் அம்மா. நான் சித்தியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், "பரீட்சை கெடக்கட்டும். பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். உள்ளே போய் அந்தப் பிள்ளையின் பையை எடுத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மாவுக்கு என்மேல் கோபம். "படிச்சவுக, நீங்களே இப்படிச் சொல்லலாமா சிஸ்டர்?"

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வேறொருவரைப் பார்க்க வந்தார். மறுநாள் விடியுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். "மக பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா மதுரை போறதுக்குள்ள அவுக அம்மாவுக்குப் பேச்சு நின்னுபோச்சு" என்றார்.

அவர் பார்க்க வந்தவரின் கட்டிலைக் காட்டிவிட்டு நின்றேன்.